துயரை அளத்தல் தகுமோ?

இறந்தார்க்கு இரங்குதற்கு நம் சமூகத்தில் முறையுண்டு. எட்டுச் செலவு, அந்தியேட்டி, ஆட்டைத் திவசம் என நாட்கள் உள. துக்கம் விசாரிக்க அயலார் வருவர். ஆயின், உயிரோடிருக்கும் தாய் தன்னைப் பராமரிக்கும் மகளை நோக்கி, "நீ ஆற்றை பிள்ளை?" என வினவுங்கால், அம்மகள் எய்தும் துயருக்கு நாளுமில்லை, கிரியையுமில்லை, விசாரிப்பாருமில்லை.

மறதிநோயாளரைப் பராமரிக்கும் குடும்பத்தினரின் இத்துயரை அளத்தற்கு, அமெரிக்க உளவியலறிஞர்களாகிய சாமுவேல் மார்விற், தோமஸ் மியூசர் என்போர் 2002ஆம் ஆண்டில் ஒரு வினாக்கொத்தை வெளியிட்டனர். அதில் 50 கூற்றுக்கள் இருந்தன. 2005இல் அவை 18 ஆகச் சுருக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளியிடல் வேண்டும். தன் வாழ்வை விட்டுக்கொடுத்தமையால் வருஞ் சுமை, பழைய உறவை எண்ணி வருந்தும் ஏக்கம், கவலையோடு கூடிய தனிமை என்னும் மூன்றும் வெவ்வேறாகக் கணிக்கப்படும். பிள்ளைகளின் துயர் நோயின் நடுப்பருவத்தில் உச்சமடைதலையும், வாழ்க்கைத் துணைவரின் துயர் நோயோடு கூடவே வளர்ந்து செல்லுதலையும் அவர்தம் முன்னைய ஆய்வு காட்டிற்று.

துயரைப் புள்ளியால் அளத்தல் கடலை உழக்கால் அளத்தல் போலாம் எனச் சிலர் நகைப்பர். ஆசிரியராகிய நாம் அவ்வாறு கருதோம். பரீட்சைப் புள்ளி மாணவனை முழுதும் அளப்பதில்லை. எப்பாடத்தில் அவனுக்குத் துணை வேண்டுமென்பதை மட்டும் காட்டும். அதுவே போதும். சுமை மிகுந்தவளுக்கு வேண்டுவது அரைநாள் ஓய்வு. ஏக்கம் மிகுந்தவளுக்கு வேண்டுவது பொறுமையுடன் செவிமடுப்பார் ஒருவர். அளந்து பாராதார் இருவர்க்கும் ஒரே ஆறுதலைக் கூறிச் செல்வர்.

எனினும், இத்தகைய வினாக்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் தீது. துக்கம் என்னுஞ் சொல் நம்மிடையே சாவீட்டிற்கு உரியதாயிற்று. தாய் உயிரோடிருக்க, "உமக்குத் துக்கமோ?" என வினவின், அபசகுனமென அஞ்சி மகள் 1 எனப் புள்ளியிடுவாள். அளவுகோல் துயரில்லையெனப் பொய் கூறும். "அம்மா முந்தி இருந்த மாதிரியை நினைச்சு மனம் ஏங்குதோ?" என வினவின் உண்மை வெளிப்படும். ஒருவர் தமிழாக்கியதை மற்றொருவர் மீள ஆங்கிலமாக்கி ஒப்புநோக்கியும், பராமரிப்பாரிடத்தே பரீட்சித்தும் தேறிய பின்னரே அப்புள்ளிகளை நம்பலாம். இஃது வைத்தியர் மட்டும் செய்து முடிக்கத்தக்க பணியன்று. தமிழறிந்தாரும் உடனிருத்தல் வேண்டும்.

நம் கல்லூரித் தாயின் புதல்வருள் வைத்தியருளர், ஆசிரியருளர். இவ்விருசாராரும் ஒருங்கமர்ந்து இப்பணியை மேற்கொள்ள இவ்விழா ஆண்டு ஏற்ற காலமாம். கடல்கடந்து வாழும் பழைய மாணவரிடம் நாம் வேண்டுவது சிறிது. தொலைபேசியில் "அம்மா எப்படி?" என வினவுவீர், நன்று. அத்தாயின் அருகில் இரவெல்லாம் விழித்திருக்குஞ் சகோதரியிடம், "நீ எப்படி?" எனவும் வினவுமின். அவள் விடை கூறி முடிக்குமளவும் தொலைபேசியை வையாதிருமின்.