காசு உங்களுது, கார் எங்களுது!

உங்களிடம் ஐந்து கோடி ரூபாய் சும்மா இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (வைத்துக்கொள்வதற்குக் காசா, பணமா?) வரியெல்லாம் கட்டிய சுத்தமான வெள்ளைப் பணம். சின்ன வயசிலிருந்து ஆசைப்பட்ட சிவப்பு ஃபெராரியை வாங்கியே தீர்வது என்று கிளம்பிவிட்டீர்கள். ஷோரூம் வாசலில் இறங்கினால் சந்தனம், கல்கண்டு கொடுத்து வரவேற்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்?

சாதாரண மாடல் என்றால் அப்படித்தான். பேர் எழுதிவைத்துவிட்டுக் காத்திருந்தால் ஒருநாள் வண்டி வரும். ஆனால், எண்ணி இத்தனைதான் என்று போடுகிற ஸ்பெஷல் மாடல் இருக்கிறதே, அதற்கு முதலில் உங்கள் ஜாதகத்தைப் பார்ப்பார்கள். இதற்கு முன் எத்தனை ஃபெராரி வாங்கியிருக்கிறீர்கள்? அதையெல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா, லாபம் பார்த்துத் தள்ளிவிட்டீர்களா? கம்பெனியைப் பற்றி வெளியில் என்ன பேசுகிறீர்கள்? பத்துப் பொருத்தமும் சரியாக இருந்தால் அழைப்பு வரும். இல்லாவிட்டால் உங்கள் ஐந்து கோடியை நீங்களே வைத்துக்கொண்டு கொஞ்சிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால், பிரெஸ்டன் ஹென் கதையைக் கேளுங்கள். அமெரிக்காவில் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த கோடீஸ்வரர். ரேஸ் டீம் நடத்தியவர், பல வருஷமாக ஃபெராரி வாங்கிக் குவித்தவர். 2016-ல் 'லாஃபெராரி அபெர்ட்டா' என்ற மாடல் வருகிறது என்று தெரிந்ததும், கம்பெனித் தலைவர் செர்ஜியோ மார்க்கியோனேவுக்கே பத்து லட்சம் டாலருக்கு ஒரு செக் அனுப்பினார், முன்பணமாக. செக் திரும்பி வந்தது. உங்களுக்குத் தகுதி இல்லை என்று பதில். மனுஷருக்கு அப்போது வயது 85. நேரே கோர்ட்டுக்குப் போனார். காரைக் கேட்டுக்கூட இல்லை; 'எனக்குத் தகுதி இல்லை என்று சொன்னதால் என் சக ஃபெராரி பிரியர்கள் மத்தியில் என் மானம் போச்சு' என்று!

இந்தக் கதையைப் படித்துவிட்டு 'அடேயப்பா, என்ன பிராண்ட்!' என்று பிரமிப்பவர்கள்தான் அதிகம். மேனேஜ்மென்ட் புத்தகங்களில் இதை ஒரு மேதாவித்தனமாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்குப் பிரமிப்பு வரவில்லை ஐயா. எரிச்சல்தான் வருகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

பி.காம். படித்தவர்களுக்கு மெர்க்கன்டைல் லா ஞாபகம் இருக்கும். நம் நாட்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 1930. அதில் பதினாலாவது பிரிவு ரொம்ப அழகானது. விற்ற பிறகு வாங்கினவன் அந்தப் பொருளை நிம்மதியாக வைத்து அனுபவிக்கலாம், யாரும் குறுக்கே வரமாட்டார்கள் என்று விற்பவன் சொல்லாமலே உறுதி கொடுத்ததாக அர்த்தம். வெள்ளைக்காரன் வழியாக வந்த சட்டம்தான். ஆனால் எந்தக் கடைத்தெருவுக்கும் இதுதான் அடிப்படை. கத்திரிக்காய் விற்றவர், 'சாம்பாரில்தான் போடணும், எண்ணெய்க் கத்திரிக்காய் பண்ணினால் கோபம் வரும்' என்று நம் அடுப்படிக்கு வந்து நிற்பதில்லை.

ஃபெராரி வந்து நிற்கிறது.

கனடாவில் டெட்மவுஸ் என்று ஒரு இசைக் கலைஞர். தன்னுடைய 458 இத்தாலியா காருக்கு, இன்டர்நெட்டில் பிரபலமான பூனைப் படத்தை முழுசாக ஒட்டி, குதிரைச் சின்னம் இருந்த இடத்தில் பூனையை வைத்து, 'பர்ராரி' என்று பேரும் போட்டுக்கொண்டார். பூனை பர்ர்ர் என்று உறுமுமே, அந்த பர்! குழந்தைத்தனமான தமாஷ்தான். 2014-ல் அந்தக் காரை விற்பனைக்கு என்று அறிவித்ததும் ஃபெராரி தரப்பு வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது, அந்தச் சின்னங்களையெல்லாம் எடு என்று. 2019-ல் ஃபிலிப் பிளெய்ன் என்ற ஃபேஷன் டிசைனர், தன் கார் மேல் தன் கம்பெனி ஷூக்களை வைத்துப் போட்டோ எடுத்து வெளியிட்டார். அவருக்கும் வக்கீல் கடிதம். இரண்டு பேருமே கடனுக்கு வாங்கிவிட்டுத் தவணை கட்டாமல் ஓடியவர்கள் இல்லை. முழுக் காசு கொடுத்தவர்கள்.

டிரேட்மார்க்கைக் காப்பாற்றக் கம்பெனிக்கு உரிமை உண்டு என்பார்கள். உண்டுதான். பூனைப் படம் போட்டு வேறு காரை ஃபெராரி என்று விற்றால் பிடித்து உள்ளே போடட்டும். சொந்தக் காரில் சொந்தக்காரர் அடித்த கூத்துக்கு எதற்கு வக்கீல்?

சென்னையில் வாடகை வீட்டில் குடியிருந்தவர்களுக்கு இந்த வேதனை நன்றாகவே புரியும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் கேட் திறக்க மாட்டோம். விருந்தாளி வந்தால் ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் சொல்ல வேண்டும். சரி, வாடகைக்கு இருக்கிறோம், பொறுத்துக்கொள்கிறோம். சொந்த வீடு வாங்கிப் பத்திரம் பதிவு செய்த பிறகும் பழைய ஓனர் மாடியில் உட்கார்ந்துகொண்டு 'ஆணி அடிக்காதே' என்றால்?

இதிலே இன்னொரு வேடிக்கை. ஆணி அடிக்கக் கூடாது என்பது இல்லை. அவர்களிடம் காசு கொடுத்து அடித்துக்கொள்ளலாம்! தையல் நூல் இந்தக் கலர், சீட் தோல் அந்தக் கலர், பெயின்ட் தனி என்று வாடிக்கையாளர் விருப்பத்துக்குச் செய்து கொடுப்பதில் மட்டும், கார் வருமானத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கம்பெனிக்கு வருகிறது. அவர்கள் செய்தால் கலை. நீங்கள் செய்தால் அவமரியாதை.

இந்தத் திமிர் எங்கிருந்து வந்தது? என்ஸோ ஃபெராரியிடமிருந்து. ஆனால் பாருங்கள், அந்த ஆளின் திமிரில் ஒரு நியாயம் இருந்தது. 1929-ல் மொடேனாவில் ரேஸ் டீம் ஆரம்பித்தவர். ஆல்ஃபா ரோமியோவின் கார்களை ஓட்டவைத்து, அவர்களோடு சண்டை போட்டுக்கொண்டு 1939-ல் வெளியே வந்தார். நாலு வருஷத்துக்குத் தன் பெயரிலேயே ரேஸ் கூடாது என்று நிபந்தனை. யுத்தத்தின் நடுவே மரனெல்லோவுக்குப் பட்டறையை மாற்றி, 1947-ல் தன் பெயர் போட்ட முதல் காரை ரோட்டில் இறக்கினார். ஒன்றரை லிட்டர் என்ஜினில் பன்னிரண்டு சிலிண்டர்! பெரிய பணக்காரர்களுக்குச் சாதாரண ரோட்டில் ஓட்டக் கார் விற்றதெல்லாம் ரேஸுக்குப் பணம் வேண்டும் என்பதற்காக. வாங்க வந்தவர்களை அவர் பெரிதாக மதிக்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை. உங்கள் காசில் நான் ரேஸ் விடுகிறேன், இஷ்டம் இருந்தால் வாங்கு. ஒரு வெறியன் இப்படிப் பேசினால் ஏற்றுக்கொள்ளலாம்.

காசு தீர்ந்தபோது 1963-ல் ஃபோர்டுக்கு விற்கப் பேசினார். ரேஸ் டீமின் லகான் கை மாறும் என்று தெரிந்ததும் எழுந்து போய்விட்டார். 1969-ல் ஃபியட் பாதி பங்கை வாங்கியது. 1988-ல் என்ஸோ இறந்த கையோடு ஃபியட்டின் பங்கு தொண்ணூறு சதவிகிதம் ஆனது. அதோடு வெறியனின் கதை முடிந்தது, கணக்குப்பிள்ளைகளின் கதை ஆரம்பித்தது. (நானும் கணக்குப்பிள்ளை படிப்பு படித்தவன்தான், அதனால் சொல்லலாம்.)

என்ஸோ செத்ததும் பழைய ஃபெராரிகளின் விலை கன்னாபின்னாவென்று ஏறியது. கார் ஓட்டத் தெரியாதவனெல்லாம் ஷேர் மாதிரி வாங்கி விற்றான். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் பலூன் உடைந்தது. புதுத் தலைவராக வந்த லூக்கா டி மோண்டெசெமோலோ காலத்தில் உற்பத்தி கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. கஷ்ட காலத்தில் வந்த அந்தத் தட்டுப்பாட்டைத்தான் பிற்பாடு கொள்கையாக்கினார்கள். 1995-ல் வந்த எஃப்50 மாடலுக்கு 350 பேர் தேறுவார்கள் என்று கணக்குப் போட்டு, 349 கார் மட்டும் செய்தார்கள். அமெரிக்காவில் அதைக்கூட நேரடியாக விற்கவில்லை. முதலில் இரண்டு வருஷம் லீஸ், அப்புறம்தான் உங்கள் பேருக்கு. லாபத்துக்கு விற்றுவிடாமல் தடுக்கவாம்.

தட்டுப்பாடு நிஜமா என்று பார்ப்போம். 2013-ல் 'வருஷத்துக்கு ஏழாயிரத்துக்கு மேல் விற்க மாட்டோம், அப்போதுதான் மரியாதை' என்று அறிவித்தார் மோண்டெசெமோலோ. அடுத்த வருஷமே மார்க்கியோனேவோடு மோதி வெளியேறினார். 2015-ல் கம்பெனி நியூயார்க் ஷேர் மார்க்கெட்டுக்கு வந்தது, ஒரு பங்கு 52 டாலர். 2024-ல் விற்ற கார்கள் எத்தனை தெரியுமா? 13,752. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! நாலு கதவு வைத்த உயரமான வண்டிகூட வந்துவிட்டது. ஆனால் பந்தி மட்டும் இன்னும் அதே மாதிரி 'இலை இல்லை, அப்புறம் வாங்க' என்கிறது. 2024 நிகர லாபம் 152 கோடி யூரோவுக்கு மேல். விற்ற வண்டியால் வகுத்துப் பாருங்கள். தொப்பி, பனியன், ஸ்பான்சர் பணம் எல்லாம் அடக்கம்தான், ஆனாலும் வண்டிக்குச் சுமார் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் யூரோ. அப்போதைய மதிப்பில் ஒரு கோடி ரூபாய். இதைக் கலை என்று சொல்லுங்கள், சேவை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சரி, இத்தனை மிரட்டிக் கொடுக்கிற வண்டி எப்படி? சத்தத்துக்கும் வேகத்துக்கும் குறை சொல்ல முடியாது. மற்றது? தொண்ணூறுகளின் எஃப்355-ல் ஒரு பெல்ட் மாற்ற என்ஜினையே வெளியே தூக்க வேண்டும். அதுவும் சில வருஷத்துக்கு ஒருமுறை. அந்தக் காலத்து வண்டிகளில் உள்ளே இருக்கிற பட்டன்கள் நாளாக ஆக உருகி, பலாப்பழம் உரித்த கை மாதிரி பிசுபிசுவென்று ஒட்டும். 2010-ல் 458 இத்தாலியாக்கள் சில தீப்பிடித்தன. சக்கரத்துக்கு மேல் ஒட்டிய பசை சூட்டில் பற்றிக்கொண்டது என்று 1,248 வண்டிகளைத் திருப்பி அழைத்தார்கள். 2022-ல் அமெரிக்காவில் மட்டும் 23,555 வண்டிகளுக்குப் பிரேக் ஆயில் மூடியில் கோளாறு என்று மறுபடி அழைப்பு. 2005-லிருந்து விற்ற வண்டிகள் அதில் அடக்கம். எல்லாக் கம்பெனியிலும் நடப்பதுதான். புது வண்டிகளுக்கு ஏழு வருஷ சர்வீஸை விலையிலேயே சேர்த்துக் கொடுக்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வாங்குகிறவனுக்குத் தகுதிப் பரீட்சை வைக்கிறவர்கள் மூடிக்கும் கொஞ்சம் வைத்திருக்கலாம்.

இதையெல்லாம் பத்திரிகைக்காரர்கள் கேட்க மாட்டார்களா என்பீர்கள். என் ஜாதிக்காரர்களைப் பற்றிப் பேச எனக்கே கூச்சமாக இருக்கிறது. பிரிட்டனின் கிறிஸ் ஹாரிஸ் 2011-ல் எழுதினார், பத்திரிகைகளின் டெஸ்டுக்கு வரும் ஃபெராரிகள் தனியாகத் தயார் செய்யப்பட்டவை, கூடவே கம்பெனி இன்ஜினீயர்கள் வந்து இறங்குகிறார்கள் என்று. கொஞ்ச காலம் அவருக்கு ஃபெராரிக் கதவு மூடியே இருந்தது. மற்றவர்கள் புரிந்துகொண்டிருப்பார்கள்.

நாமும் சளைத்தவர்கள் இல்லை. 2002-ல் பிராட்மேனின் 29 சதத்தை எட்டியதற்காக சச்சினுக்கு ஃபியட் ஒரு 360 மொடேனா கொடுத்தது. சில்வர்ஸ்டோனில் ஷூமேக்கர் கையால். அடுத்த வருஷம் ஒரு கோடிக்கு மேலான சுங்க வரியைத் தள்ளுபடி செய்ய நம் அரசாங்கம் முன்வந்தது! ஊர் சிரித்து, கோர்ட் வரைக்கும் போன பிறகு ஃபியட்டே கட்டியது. ஒரு கம்பெனியின் விளம்பரத்துக்கு நம் கஜானா மொய் எழுதப் பார்த்தது.

'ஐந்து கோடிக்குக் கார் வாங்குகிறவன் அவமானப்பட்டால் உங்களுக்கு என்ன சார்?' நியாயமான கேள்வி. அவர்களுக்காக நான் அழவில்லை. பெரிய இடத்தில் ஃபேஷனாகிற வழக்கம் நம் தெருவுக்கு வராமல் இருந்ததில்லை. 2022-ல் பிஎம்டபிள்யூ சில நாடுகளில், காரிலேயே பொருத்தி விற்ற சீட் சூடேற்றிக்கு மாசச் சந்தா கேட்டது. எதிர்ப்பு வந்ததும் அடுத்த வருஷம் கைவிட்டது. அமெரிக்காவில் ஜான் டியர் டிராக்டர் வாங்கிய விவசாயி, அறுவடை நேரத்தில் வண்டி நின்றால் தானே முழுசாகச் சரிசெய்ய முடியாது. சாஃப்ட்வேர் சாவி கம்பெனியிடம். டீலர் ஆள் வரும்வரை கதிர் காத்திருக்குமா? கடைசியில் 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையமே அந்தக் கம்பெனி மேல் வழக்குப் போட்டது.

விவசாயிகள் விடாமல் கத்தியதால் வந்த வழக்கு அது. நம் ஹென் தாத்தா போட்ட வழக்கு? பிறகு அவரே வாபஸ் வாங்கிக்கொண்டார்.