விழிப்புணர்வு இல்லையாம்!

 

குடிசைப் பகுதி மக்களுக்குச் சத்தான உணவைப் பற்றி விழிப்புணர்வு இல்லை என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் மாநகராட்சிப் பள்ளியில் பாடம் நடத்தியவன் சொல்கிறேன், இது வடிகட்டிய பொய். சரிவிகித உணவு என்றால் என்ன என்று கேட்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதித் தந்துவிடும். அதன் அம்மாவுக்குக் கீரையின் அருமை நம்மைவிட நன்றாகத் தெரியும்.

கணக்குக்கு வருவோம். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ரேஷனில் அரிசி 20 கிலோ, இலவசம். நல்லது, அதைக் குறை சொல்ல மாட்டேன். துவரம் பருப்பு? மாதம் ஒரே ஒரு கிலோ, 30 ரூபாய்க்கு. அதை முப்பது நாளுக்கும் நாலு பேருக்கும் வகுத்துப் பாருங்கள். தலைக்கு நாளொன்றுக்கு 8 கிராம் சொச்சம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்வது 85 கிராம் பருப்பு, பயறு. அல்லது அதற்கு ஈடாக முட்டை, மீன், கறி. மீதிக்கு எங்கே போவது? வெளியில் துவரம் பருப்பு கிலோ நூறு ரூபாய்க்கு மேல்.

கூவம் கரையிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய்க் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் விட்டார்களே, அந்தப் பெண்களில் எத்தனையோ பேர் இன்றும் மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் பஸ் ஏறி வீட்டு வேலைக்கு வருகிறார்கள். விடியுமுன் கிளம்புகிறவள் எப்போது கீரை ஆய்வாள்? பிள்ளை கையில் பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். தெருமுனைப் பெட்டிக்கடையில் அந்தக் காசுக்குத் தொங்குவது சிப்ஸ் பாக்கெட். இதில் அவள் அறியாமை எங்கே இருக்கிறது?

இன்னொரு வேடிக்கை. சத்துணவு விழிப்புணர்வு முகாம் என்று கூட்டுவார்கள். ஓட்ஸ், ப்ரோக்கோலி படமெல்லாம் திரையில் ஓடும். முடிந்ததும் வந்தவர்களுக்கு க்ரீம் பிஸ்கட்டும் கலர் ஜூஸும்!

காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்குப் போன அக்காவுக்குக் காலையில் பசிக்காதா? மதிய சத்துணவு பத்தாம் வகுப்போடு சரி. ரத்தசோகை வாட்டுகிற வயதில், பிளஸ் ஒன் படிக்கும் பெண் வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்போம், முட்டை கொடுக்க மாட்டோம்.

காசு எங்கே என்பார்கள். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு தொடங்கியபோதும் இதையேதான் கேட்டார்கள். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. இன்று அது வாரத்துக்கு ஐந்து. யாரும் திவாலாகிவிடவில்லையே?

உங்கள் எம்.எல்.ஏ. அடுத்த முறை தெருவுக்கு வரும்போது சால்வையை விட்டுவிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். ரேஷனில் பருப்பு எப்போது மூன்று கிலோ ஆகும்? பன்னிரண்டாம் வகுப்பு வரை எப்போது முட்டை வரும்?