‘தேவையற்ற வேதனை’ என்பது எது?

கிழக்கு தில்லியின் காஜிப்பூரில், குப்பை மலைக்கு அருகிலேயே மாநகரின் இறைச்சிக்கூடமும் கோழிச் சந்தையும் மீன் சந்தையும் அமைந்துள்ளன. 2021 ஜனவரியில் பறவைக் காய்ச்சல் அச்சத்தால் கோழிச் சந்தை சில நாள்கள் மூடப்பட்டபோது பொதுவெளியில் மேலோங்கியது மனிதரின் உடல்நலம் பற்றிய கவலை. கூண்டிலிருந்த பறவை பேசுபொருள் ஆகவில்லை.

2022 ஏப்ரலிலும் அதுவே நிகழ்ந்தது. ராமநவமி நாளில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் காவேரி விடுதியில் இறைச்சி உணவு, பூசை குறித்த முரண்பட்ட குற்றச்சாட்டுகளோடு மோதல் மூண்டது. அதற்குச் சில நாள்களுக்கு முன்னர், நவராத்திரியின்போது இறைச்சிக் கடைகளை மூட வேண்டும் என்று தெற்கு தில்லி மேயர் கோரியிருந்தார். யார் எதை உண்ணலாம் என்பதே அன்றைய விவாதம். சாதியும் மதமும் தட்டின்மேல் செலுத்தும் அதிகாரத்தை எதிர்ப்பது நியாயமே. ஆயினும் உண்ணப்படும் உயிருக்கு நேர்வது என்ன என்பதை இரு தரப்பும் கேட்கவில்லை.

சட்டம் அக்கேள்வியைக் கேட்டிருக்கிறது. 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டது. மனிதர் அல்லாத எந்த உயிரினமும் அச்சட்டத்தின்படி விலங்கே. மீனும் பூச்சியும் அதில் அடங்கும். ஆனால் பதினோராம் பிரிவு, உணவுக்காகக் கொல்வதற்கு விலக்கு அளிக்கிறது. தேவையற்ற வேதனை விளைவிக்கலாகாது என்பது மட்டுமே நிபந்தனை. அதை மீறுவோருக்கு முதல் குற்றத்துக்கு விதிக்கப்படும் அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரை.

‘தேவை’யை யார் அளப்பது? ஒரு விலங்கின் கண்ணெதிரே மற்றொன்றை அறுக்கலாகாது என்கின்றன 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள். தெருமுனைக் கோழிக்கடையிலோ கூண்டும் வெட்டுக்கட்டையும் அருகருகே இருக்கின்றன. முட்டைக் கோழிகளின் வாழிடம் குறித்து இந்தியச் சட்ட ஆணையம் 2017இல் தனது 269ஆம் அறிக்கையை அளித்தது. அதன் பின்னர் அரசு முன்வைத்த வரைவு விதிகள் ஒரு கோழிக்கு ஒதுக்க முனைந்த இடம் 550 சதுர சென்டிமீட்டர். ஆய்வேடு அச்சிடப்படும் ஏ4 தாளின் பரப்பு ஏறத்தாழ 623 சதுர சென்டிமீட்டர்.

மீனுக்கு இந்த அளவுகூட இல்லை. மீன்களுக்கு வலியுணர்வு உண்டு என்பதற்கான சான்றுகள் 2003இல் வெளியான டிரவுட் மீன் ஆய்வு முதல் பெருகிவந்துள்ளன. நண்டையும் கணவாயையும் உணர்வுள்ள உயிர்களாக 2022இல் பிரிட்டன் சட்டத்தில் சேர்த்தது. பூச்சிகளுக்கும் உணர்வு இருக்கக்கூடும் என்பதைப் புறந்தள்ளலாகாது என 2024இல் நியூயார்க் பிரகடனம் அறிவித்தது. பூச்சிக்கொல்லி தெளித்து விளைந்த கத்தரிக்காயும் உயிர்க்கொலையிலிருந்து விலகி நிற்பதன்று.

சைவ உணவின் தூய்மை பற்றிய பெருமிதம் பாலிலும் தளர்கிறது. பால் வேண்டுமெனில் எருமை ஈன வேண்டும். பிறக்கும் கடாக்கன்றுக்குப் பால் பண்ணையில் இடமில்லை. கறவை நின்ற எருமையும் அக்கன்றும் பெரும்பாலும் இறைச்சிக்கே செல்கின்றன. பனீரும் எருமை இறைச்சியும் ஒரே பண்ணைத் தொழிலின் இரு விளைபொருள்கள். ஒன்றை உண்பவர் மற்றதை உண்பவரைவிட அறத்தில் உயர்ந்தவர் என்பதற்கு ஆதாரமில்லை.

திருக்குறள் புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் துறவறவியலில் வைத்திருப்பது சிந்திக்கத்தக்கது. துறவிக்கு உரிய நெறியை இல்லறத்தார் அனைவர்மேலும் ஆணையாகச் சுமத்துவது வேறு. அந்நெறி எழுப்பும் கேள்வியை எதிர்கொள்வது வேறு.

உழைக்கும் மக்களுக்கு மலிவாகக் கிடைக்கும் புரதத்தைப் பறிப்பது அறமாகாது. பள்ளிக் குழந்தையின் சத்துணவு முட்டையில் கைவைப்பதும் அவ்வாறே. தெரிவுக்கு வாய்ப்புள்ளவர்மீதே முதற்பொறுப்பு விழ வேண்டும். முட்டையும் பாலும் எந்தப் பண்ணையிலிருந்து வருகின்றன, அங்கு விலங்குகள் எவ்வாறு வாழ்கின்றன என்று பல்கலைக்கழக உணவுக்குழுக்கள் கேட்கலாம். பிறர் தட்டில் இருப்பதைத் தடைசெய்யாமலே தன் தட்டுக்கு வந்த உயிரின் வேதனையைக் குறைக்க முடியும். பண்டிகைக்காக ஒன்பது நாள் கடையடைப்பதால் கூண்டு ஓர் அங்குலமும் அகலாது.