முதலாளித்துவம் வந்தால் ஜனநாயகம் வந்துவிடுமா?

முதலாளித்துவம் என்றால் ஜனநாயகம், சோசலிசம் என்றால் சர்வாதிகாரம். பள்ளிக்கூடம் தொடங்கி போட்டித் தேர்வுப் பயிற்சி வகுப்பு வரை நம் பிள்ளைகளின் மனத்தில் இப்படித்தான் பதிந்துகிடக்கிறது. ஒரு பக்கம் அமெரிக்கா, சந்தை, தேர்தல். மறுபக்கம் சோவியத் ரஷ்யா, திட்டமிடல், சிறை. மனப்பாடம் செய்ய வசதியாக இருக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு தகுதி கிடையாது.

நிலமும் ஆலையும் வங்கியும் யார் கையில் இருக்கின்றன என்பது பொருளாதாரக் கேள்வி. ஆள்பவரைத் தேர்ந்தெடுப்பது யார், பிடிக்காவிட்டால் அவரை இறக்க முடியுமா என்பது அரசியல் கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை இரண்டாவதற்கும் எழுதிவைப்பதுதான் இங்கே நடக்கும் பிழை.

சிலி நாட்டைப் பாருங்கள். 1970இல் மார்க்சியரான சால்வடோர் அயெந்தே அங்கே தேர்தலில் வென்று அதிபரானார். மறு ஆண்டு செம்புச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்க நாடாளுமன்றம் ஒருமனதாக வாக்களித்தது. எதிர்க்கட்சிகளும் கை தூக்கின. இதில் சர்வாதிகாரம் எங்கே இருக்கிறது? அது 1973 செப்டம்பர் 11 அன்று வந்தது. விமானப்படை அதிபர் மாளிகை மீது குண்டு வீசியது, அயெந்தே அன்றே இறந்தார், நாடாளுமன்றம் மூடப்பட்டது. ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி பினோசேயின் ஆட்சியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் ஆக்கப்பட்டார்கள். அதே ஆட்சிதான் சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்த பொருளாதார வல்லுநர்களைப் பதவியில் அமர்த்தி, விலைக் கட்டுப்பாடுகளை நீக்கி, அரசு நிறுவனங்களைத் தனியாருக்கு விற்றது.

1981இல் ஓய்வூதியமும் தனியார் நிதி நிறுவனங்களின் கைக்குப் போனது. தொழிலாளியின் சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்தம். முதலாளி கட்டிவந்த பங்கு ரத்து. சட்டம் இயற்றும் அதிகாரம் முழுவதும் அப்போது நான்கு படைத் தளபதிகளிடம் இருந்தது. ஊருக்கெல்லாம் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்த அவர்கள், ராணுவத்தையும் காவல்துறையையும் மட்டும் பழைய அரசு ஓய்வூதியத்திலேயே வைத்துக்கொண்டார்கள். பழைய ஓய்வூதியம் கேட்டு நம் அரசு ஊழியர்கள் தெருவில் இறங்க முடிகிறது, கூட்டம் போட முடிகிறது, ஆட்சியாளர்களிடம் வாக்குறுதி வாங்க முடிகிறது. அன்றைய சிலித் தொழிலாளிக்கு அந்த வழிகள் அடைக்கப்பட்டிருந்தன. சந்தை இருந்தது, வாக்குரிமை இல்லை. 1988இல் நடந்த பொது வாக்கெடுப்பில் சுமார் 56 சதவீதம் பேர் பினோசேக்கு ‘வேண்டாம்’ என்று வாக்களித்த பிறகுதான் அவர் இறங்க வேண்டி வந்தது.

இப்போது பிரிட்டன். 1945 தேர்தல் பிரச்சாரத்தில் அன்றைய பிரதமரும் கன்சர்வேடிவ் தலைவருமான சர்ச்சில், சோசலிசத்தை நடத்த ஹிட்லரின் ரகசியப் போலீஸ் போன்ற ஒன்று தேவைப்படும் என்று வானொலியில் எச்சரித்தார். மக்கள் சோசலிசம் பேசிய லேபர் கட்சிக்கு வாக்களித்தார்கள். அக்கட்சியின் பிரதமர் அட்லியின் அரசு 1947இல் நிலக்கரிச் சுரங்கங்களையும் 1948இல் ரயில்வேயையும் நாட்டுடைமையாக்கியது. அதே 1948இல் எல்லோருக்கும் இலவச மருத்துவம் வந்தது. ரகசியப் போலீஸ் வரவில்லை. 1951 தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சியைவிடக் கூடுதல் வாக்கு வாங்கியும் இடங்களில் பின்தங்கியதால், லேபர் கட்சி ஆட்சியை ஒப்படைத்துவிட்டு எதிர்க்கட்சி வரிசையில் போய் உட்கார்ந்தது. மீண்டும் பிரதமரான சர்ச்சில் சுரங்கத்தையும் ரயிலையும் அரசிடமே விட்டுவைத்தார்.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. எல்லா வேலையும் அரசு வேலையாக, எல்லா அச்சகமும் அரசு அச்சகமாக ஆகிவிட்டால் அரசை எதிர்ப்பவன் பிழைக்க முடியாது என்பார்கள். உண்மைதான். ஸ்டாலின் காலத்து ரஷ்யா அதற்குச் சாட்சி. அந்தக் கொடுமையைப் பூசி மெழுக எனக்கு மனமில்லை. ஆனால், எல்லாவற்றையும் ஒரே கட்சி விழுங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் அந்த வாதம் சொல்கிறது. சுரங்கமும் மருத்துவமனையும் அரசிடம் இருந்தால் சுதந்திரம் போய்விடும் என்றோ, சந்தையைத் திறந்தால் சுதந்திரம் தானாக வரும் என்றோ அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. சீனா 1978 முதல் சந்தையைத் திறந்துவருகிறது. இன்றும் அங்கே ஒரே கட்சியின் ஆட்சிதான்.

தேர்வில் ஒரு மதிப்பெண் போகும் விஷயமாக இதை நான் பார்க்கவில்லை. இந்தச் சமன்பாட்டை நம்பி வளரும் மாணவர், நாளை ரேஷன் கடையை சர்வாதிகாரத்தின் முதல் படி என்று நினைப்பார். தொழிற்சங்கத்தை ஒடுக்கும் அரசு முதலீட்டைக் கொண்டுவந்தால் அதை ஜனநாயக அரசு என்று பாராட்டுவார். இரண்டுமே அவருடைய வாக்குரிமைக்குக் கேடு.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். எந்த நாட்டைப் பற்றிப் பாடம் நடத்தினாலும் சொத்து யாரிடம் என்பதை ஒரு கேள்வியாகவும், ஆட்சியை மாற்றும் உரிமை யாரிடம் என்பதை இன்னொரு கேள்வியாகவும் கேளுங்கள். இரண்டுக்கும் மாணவர்கள் தனித்தனியே பதில் எழுதட்டும்.