சின்ன நாட்டில் வாழ்வது சுகமா?

ஆண்டுதோறும் மார்ச் மாதம் வந்தால், உலக நாடுகளை மகிழ்ச்சி வரிசையில் நிறுத்திக் காட்டும் அறிக்கை ஒன்று வெளியாகிறது. 2018 முதல் 2025 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அதில் முதல் இடம் பின்லாந்துக்கே கிடைத்தது. அந்த நாட்டின் ஜனத்தொகை சுமார் 56 லட்சம்தான். சென்னையும் அதன் சுற்றுப்புறங்களும் சேர்ந்தால் அதைவிட அதிகம். டென்மார்க்கும் ஐஸ்லாந்தும் அதே முன்வரிசையில் நிற்கின்றன. பெரிய தேசங்களில் வாழ்கிறவர்கள் அதைப் படித்துவிட்டு, "சின்ன நாடு, சிக்கல் இல்லை, கொடுத்து வைத்தவர்கள்!" என்று பெருமூச்சு விடுகிறார்கள்.

இந்தப் பெருமூச்சு இன்று நேற்று பிறந்ததல்ல. கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில், ஒரு ராஜ்யத்தின் பிரஜைகள் ஒருவர் குணத்தை ஒருவர் அறிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பதவிக்குத் தகுந்தவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று கேட்டார். 1957-ல் லெயோபோல்ட் கோர் என்ற ஆஸ்திரிய அறிஞர், உலகத்தின் துன்பங்களுக்கெல்லாம் அளவு மீறிய பெருக்கமே காரணம் என்று ஒரு புத்தகமே எழுதினார். பெரிய வல்லரசுகளைச் சிறுசிறு நாடுகளாகப் பிரித்துவிட்டால் சண்டையும் சுருங்கிவிடும் என்பது அவருடைய கட்சி.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே மகிழ்ச்சிப் பட்டியலின் அடிப்பகுதியையும் சற்றே பார்க்க வேண்டும். அங்கே பல ஆண்டுகளாக லெபனான் நிற்கிறது. அது தமிழ்நாட்டில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லாத நாடு! சிறுமைதான் சுகத்துக்குக் காரணம் என்றால் லெபனான் ஏன் அழுகிறது? ஆகவே விஷயம் பரப்பளவில் மட்டும் இல்லை. வேறு எதில் இருக்கிறது என்பதை அறிய, இரண்டு தீவுகளின் கதையை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் போதும்.

பெயர் சொல்லி அழைக்கும் நாடு

முதல் தீவு ஐஸ்லாந்து. நிலப்பரப்பில் தமிழ்நாட்டைவிடச் சற்றுச் சிறியது. ஜனங்களோ நான்கு லட்சம்கூட இல்லை. அங்கே பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனார் பெயரோடு 'மகன்' அல்லது 'மகள்' என்று சேர்த்துக்கொள்வார்கள். தகப்பனார் பெயரை ஓர் எழுத்தில் சுருக்கி முன்னால் போட்டுக்கொள்ளும் தமிழர்களுக்கு இது விந்தையாகத் தோன்றாது. டெலிபோன் புத்தகத்தைக்கூட அவரவர் சொந்தப் பெயரை வைத்தே அகர வரிசைப்படுத்தினார்கள். பிரதம மந்திரியானாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

அந்நாட்டுப் பார்லிமெண்டில் 63 அங்கத்தினர்கள் இருக்கிறார்கள். கணக்குப் போட்டால் ஆறாயிரம் பேருக்கு ஒருவர் ஆகிறது. இந்திய லோக்சபையில் சுமார் 25 லட்சம் பேருக்கு ஒருவர். ஆறாயிரம் பேர் கூப்பிட்டால் காதில் விழும். 25 லட்சம் பேர் கூப்பிட்டால் அது வெறும் இரைச்சல்! சின்ன நாட்டின் சுகம் என்பதில் பாதி இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது.

1975 அக்டோபர் 24-ம் தேதி, ஐஸ்லாந்துப் பெண்களில் ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வேலையை நிறுத்தினார்கள். ஆபீஸுக்கும் போகவில்லை, வீட்டில் அடுப்பையும் மூட்டவில்லை. ஒரே நாளில் நாடு ஸ்தம்பித்தது. மறு ஆண்டே ஆண் பெண் சமத்துவச் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறியது. 1980-ல் விக்டிஸ் என்ற மாதை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஜனங்களின் வாக்கால் ஜனாதிபதியான முதல் பெண்மணி உலகத்திலேயே அவர்தான்.

அப்படிப்பட்ட நாட்டுக்கும் சரிவு வந்தது. 2008 அக்டோபரில் மூன்று பெரிய பாங்கிகள் ஒரே வாரத்துக்குள் கவிழ்ந்தன. நாட்டின் ஆண்டு வருமானத்தைப்போல் பல மடங்கு புரட்டிய பாங்கிகள் அவை. கடல் கடந்து வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. ஜனங்கள் சட்டிப் பானைகளை எடுத்துக்கொண்டு பார்லிமெண்டு வாசலுக்கு வந்து தட்டினார்கள். 2009 ஜனவரியில் மந்திரிசபை ராஜிநாமாச் செய்தது. பாங்கி அதிபர்கள் சிலர் சிறைக்குப் போனார்கள். பிரதம மந்திரியாக இருந்தவரே விசேஷக் கோர்ட்டில் நிற்க நேர்ந்தது. 2012-ல் ஒரு குற்றம் மட்டும் ருசுவாயிற்று, தண்டனை விதிக்கப்படவில்லை. ஆனாலும் கேள்வி கேட்கப்பட்டது, பதில் சொல்ல நேர்ந்தது. அதுதான் முக்கியம்.

குந்தித் தின்ற குன்று

இரண்டாவது தீவு பசிபிக் சமுத்திரத்தில் இருக்கும் நவ்ரு. மொத்தப் பரப்பு 21 சதுர கிலோமீட்டர். கரையோரச் சாலையில் காரில் புறப்பட்டால் அரை மணி நேரத்துக்குள் நாட்டையே சுற்றிவிடலாம். ஜனங்கள் சுமார் 12 ஆயிரம் பேர். இவர்களைவிட நெருக்கமாக ஒருவரையொருவர் அறிந்த ஜனங்கள் ஐஸ்லாந்தில்கூட இருக்க முடியாது.

தீவின் நடுமேட்டில் பாஸ்பேட் என்னும் உரமண் ஏராளமாகக் கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே அயலார் அதை வெட்டி எடுத்தார்கள். முதலில் ஜெர்மானியர் ஆட்சி. பிறகு ஆஸ்திரேலியா, பிரிட்டன், நியூஸிலாந்து ஆகிய மூன்றின் பொறுப்பு. அந்த உரத்தால் விளைந்தவை பிறர் வயல்கள். மண் தீர்ந்தால் குடியிருக்க இடமிராதே என்று, குவீன்ஸ்லாந்துக் கரைக்கு அருகில் ஒரு தீவைக் கொடுக்க ஆஸ்திரேலியா முன்வந்தது. 1964-ல் நவ்ரு மக்கள் அதை மறுத்துவிட்டார்கள். வேறோர் இடத்தில் நன்றாக வாழ்வதைவிட, சொந்த மண்ணில் சொந்தப் பெயரோடு வாழ்வதையே அவர்கள் விரும்பினார்கள். 1968 ஜனவரி 31-ம் தேதி சுதந்திரம் வந்தது.

அதற்குப் பிறகு பணமும் வந்தது. 1970-களில் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், உலகத்தின் மிகப் பெரிய பணக்காரர்களில் நவ்ரு மக்களும் சேர்ந்தார்கள். வருமான வரி கிடையாது, வைத்தியத்துக்குக் கட்டணம் இல்லை. சொந்த விமானக் கம்பெனி ஒன்று பறந்தது. மெல்போர்ன் நகரில் 52 மாடிக் கட்டடம் ஒன்று 1977-ல் எழுந்தது. லண்டனில் லியனார்டோ டாவின்சியைப் பற்றிய இசை நாடகம் ஒன்றுக்குக்கூட 1993-ல் பணம் போட்டார்கள். அது படுதோல்வி அடைந்தது.

குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பது பழமொழி. இங்கே மெய்யாகவே ஒரு குன்று மாண்டது. தீவில் ஐந்தில் நான்கு பங்கு வெட்டப்பட்டு, கூரிய சுண்ணாம்புப் பாறைகள் மட்டும் மிஞ்சின. மெல்போர்ன் கட்டடம் 2004-ல் கைமாறியது. கடைசி ஜெட் விமானத்தை 2005-ல் கடன்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவுக்கு அடைக்கலம் தேடி வந்தவர்களைத் தன் நிலத்தில் அடைத்து வைக்க இடம் கொடுத்து, அதற்குக் கூலி வாங்கும் நிலைமைக்கு 2001 முதலே அந்த நாடு வந்திருந்தது.

எங்கே வித்தியாசம்?

இரண்டும் தீவுகள். இரண்டும் இயற்கை கொடுத்த ஒரே ஒரு செல்வத்தை நம்பியவை. நவ்ருவுக்கு மண், ஐஸ்லாந்துக்கு மீன். மீன் குஞ்சு பொரிக்கும், மண் பொரிக்காது என்று சிலர் வாதிக்கலாம். வாஸ்தவம்தான். ஆனால் அளவின்றிப் பிடித்தால் மீனும் தீர்ந்துபோகும். ஐஸ்லாந்து அதை முன்கூட்டி உணர்ந்தது. 1958-ல் 12 மைல், 1972-ல் 50 மைல், 1975-ல் 200 மைல் என்று தன் மீன்பிடி எல்லையை விரித்துக்கொண்டே போயிற்று. பிரிட்டன் போர்க்கப்பல்களை அனுப்பி மிரட்டியது. பட்டாளமே இல்லாத ஐஸ்லாந்து தன் காவல் படகுகளைக் கொண்டு பிரிட்டிஷ் வலைகளின் வடங்களை அறுத்துவிட்டது. 1976-ல் பிரிட்டன் இணங்கியது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது அல்லவா?

ஆனால் மெச்சத் தகுந்தது அந்தக் காரம் அல்ல. அயலாரை விரட்டிய பிறகு 1984-ல், தன் சொந்த மீனவர்களுக்கே இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று அளவு கட்டியதே, அதுதான் மெச்சத் தகுந்தது. அந்த அளவை யாருக்கு எவ்வளவு பங்கிடுவது என்பதில் அங்கே இன்றும் சச்சரவு உண்டு. மீன் மட்டும் தீரவில்லை. நவ்ருவுக்கும் நாளைக்கென்று ஒரு நிதி இருந்தது. அதன் கணக்கு ஜனங்களுக்கு முன்னால் சரியாக விரித்து வைக்கப்படவில்லை.

சிறிய நாட்டில் நல்ல முடிவும் உடனே பலன் தரும், கெட்ட முடிவும் உடனே பலன் தரும். இடையில் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லை. பெரிய தேசத்தில் ஒரு மாகாணம் வறண்டால் மற்றொன்று நெல் அனுப்பும். ஓர் ஊரில் பிழைப்பில்லை என்றால் எல்லை தாண்டாமலே வேறோர் ஊருக்குப் போகலாம். நவ்ருக்காரருக்குப் போக வேறு ஊர் ஏது?

அறிந்தவர்களின் கொடுமை

எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள் என்பதற்கு மற்றொரு முகமும் உண்டு. சுவிட்சர்லாந்தில் அப்பென்ஸெல் இன்னர்ரோடன் என்ற குட்டி மாகாணத்தில், ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை குடிமக்கள் மைதானத்தில் கூடிக் கைதூக்கியே வாக்களிப்பார்கள். ஜனநாயகத்தின் அழகு என்று உலகம் கொண்டாடும் காட்சி அது. ஆனால் அந்த மைதானத்தில் பெண்களுக்கு இடமில்லை. தேச முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை 1971-லேயே வந்துவிட்டது. இந்த மாகாணத்து ஆண்களோ 1990 ஏப்ரலில்கூட, வாக்குரிமையின் சின்னமான வாளை இடுப்பில் சொருகிக்கொண்டு, "முடியாது" என்றே தீர்மானித்தார்கள். அண்டை வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு விதமாகக் கைதூக்கத் துணிச்சல் வேண்டும்! கடைசியில் அதே ஆண்டு நவம்பரில், தேசத்தின் உயர்ந்த கோர்ட்டு தலையிட்டு உரிமையை வாங்கிக் கொடுத்தது. உள்ளூர் மறுத்த நீதியை, தூரத்தில் இருந்த கோர்ட்டு கொடுத்தது.

இந்த ஆபத்தை ஜேம்ஸ் மாடிஸன் என்ற அமெரிக்கத் தலைவர் 1787-லேயே கண்டுகொண்டார். சிறிய குடியரசில் ஒரே கட்சி எளிதில் பெரும்பான்மையாகி மற்றவர்களை நசுக்கலாம். பெரிய குடியரசில் பலவகைக் கூட்டங்கள் இருப்பதால் அது கஷ்டம் என்று அவர் பத்திரிகையில் எழுதினார். சிறுபான்மையாகப் பிறந்தவனுக்குப் பெரிய நாடு சில சமயம் நிழல் தரும் மரம்.

பெரிய வீட்டில் சிறிய அறை

அப்படியானால் எது சுகம்? சின்ன நாட்டில் நல்லது எதுவோ அது அதன் பரப்பளவு அல்ல. ஆளுகிறவன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறான், கணக்குக் கேட்டால் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் அந்த நல்லது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் யாரும் கணக்குக் கேட்காவிட்டால் நவ்ருவின் கதி நேரும்.

அந்த நன்மையைப் பெரிய நாட்டுக்குள்ளேயும் உண்டாக்க முடியும். இந்தியா அரசியல் சட்டத்தைத் திருத்தி, 1993-ல் பஞ்சாயத்துகளுக்கு அந்தஸ்துக் கொடுத்தது இதற்காகத்தான். ஆனால் அந்தஸ்து மட்டும் போதாது. பணமும் அதிகாரமும் கீழே இறங்க வேண்டும். இறங்கிய பணத்துக்குக் கிராம சபையில் எழுந்து நின்று கணக்குக் கேட்கும் ஆளும் வேண்டும். அங்கே நாற்காலிகள் காலியாக இருக்கும் வரையில், பின்லாந்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதில் பிரயோஜனம் இல்லை.

சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்றார்கள் பெரியவர்கள். தேசம் ஏற்கெனவே பெரிதாக அமைந்துவிட்டது. அதற்குள்ளே சிறுகக் கட்டிக்கொள்வது, அதில் வாழ்கிறவர்களின் கையில்தான் இருக்கிறது.