முகக்கவசம் மட்டும் போதுமா?

பழைய எஃகுப் படகின் துருவைக் கிரைண்டரால் தேய்க்கும்போது பறப்பது வெறும் துரு அன்று. துருவைத் தடுக்க முன்பு பூசிய, ஈயம் கலந்த சிவப்புச் சாயமும் தூளாகிப் பறக்கலாம். கண்ணில் படும் தூசு விரைவில் கீழே விழுந்துவிடும். கண்ணில் படாத, 5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்களே நுரையீரலின் நுண்ணிய காற்றுப்பைகள் வரை செல்கின்றன.

முகக்கவசம் அதை அணிந்தவரை மட்டுமே காக்கும். அவர் சட்டையில் ஒட்டிய ஈயத்தூள் வீட்டுக்கு வந்தால், மூளை வளரும் பருவத்திலுள்ள குழந்தைக்குத்தான் பெரும் கேடு. ஆகவே, தூசு கிளம்பும் இடத்திலேயே அதைப் பிடிக்க வேண்டும். கிரைண்டருக்கு உறை பொருத்தி, ஹெப்பா வடிகட்டியுள்ள தூசு உறிஞ்சியை அதனுடன் இணைக்கலாம். அந்த வடிகட்டி 0.3 மைக்ரோமீட்டர் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடித்துவிடும். முதலில் தூசு உறிஞ்சி, அதற்குமேல் முகக்கவசம். இந்த வரிசை மாறக்கூடாது.