ஒட்டுவதா? தைப்பதா?

அப்ளிக் என்னும் ஒட்டுத்தையல் மேல்நாட்டுக் கலை என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். தேர்களில் தொங்கி ஆடும் தொம்பையை நாம் கண்டதில்லையா? உருளை வடிவான அத்துணியில் வேறு நிறத் துணிகளை யாளியாகவும் தாமரையாகவும் வெட்டி வைத்துத் தைத்திருப்பது அப்ளிக்தானே! தஞ்சாவூர், கும்பகோணம் பக்கங்களில் இது குடும்பத் தொழில். ஒடிசாவிலோ பிப்பிலி என்னும் ஊரே இத்தையலால் பெயர் பெற்றது. புரி ஜெகந்நாதர் தேரின் சிவப்பும் மஞ்சளுமான துணி அலங்காரத்தோடு வளர்ந்த கலை அது.

பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இவ்வாண்டு பட்டுத் துண்டுகளால் ஒரு மடிப்போர்வை செய்து முதியோர் இல்லத்திற்கு அளிக்கவிருக்கிறோம். காஞ்சியில் பட்டுத் துண்டுக்கா பஞ்சம்? ரவிக்கை தைக்கும் கடைகளில் கேட்டாலே பை நிறையக் கிடைக்கும். அதை அடித்துணியில் எப்படிப் பொருத்துவது என்பதில்தான் வகுப்பு இரண்டு கட்சியாகிவிட்டது. பசைத்தாளை நடுவில் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் ஒரே மாலையில் முடிந்துவிடும், தேர்வும் நெருங்குகிறது என்கிறது ஒரு கட்சி. நாங்கள் மறு கட்சி.

பட்டு பருத்தியைப் போன்றதன்று. வெட்டிய விளிம்பில் இழை இழையாகப் பிரியும். பசை அதைச் சில நாள் பிடித்து வைக்கலாம். ஆனால் பட்டு அட்டையைப் போல விறைத்துவிடும். போர்வை என்றால் துவைத்தாக வேண்டும். நாலு முறை நனைந்தால் ஓரம் மேலெழும்பும். சுற்றிலும் காஜாத் தையல் போடலாமே என்பீர்கள். நெருக்கமாகப் போட்டால் பருத்திக்கு அது நன்று. வழுக்கும் பட்டிலோ இழை நழுவித் தையலோடு கழன்று வந்துவிடுகிறது. தொம்பைக்கு மெஷின் தையல் போதும், அதை யார் போர்த்திக்கொள்ளப் போகிறார்கள்?

ஆகவே, கால் அங்குலம் விட்டு வெட்டி, விளிம்பை உள்ளே மடித்து, கண்ணுக்குத் தெரியாத சிறு தையலால் பிடிப்பதே எங்கள் தேர்வு. வளைவுகளில் மட்டும் கத்திரி நுனியால் சிறு வெட்டுகள் கொடுத்தால் மடிப்பு படியும். நேரம் பிடிக்கும், உண்மைதான். நாற்பது பேர் ஆளுக்கொரு சதுரம் எடுத்தால் ஞாயிற்றுக்கிழமைகள் மூன்று போதாதா? நம் ஊர்த் தறியில் உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் கோர்வை போட்டு நெய்ய மூன்று நாடா வேண்டும். நெய்பவரோடு துணைக்கு ஓர் ஆளும் உட்காருகிறார். சேரும் இடம் உறுதியாக இருக்கத்தானே இத்தனை பாடு?

மாங்காய், கோபுரக் கரை, தாமரை இவை மடித்துத் தைக்க ஏற்றவை. மயில்தான் வேண்டும் என்போர் உடலை மட்டும் பட்டில் வெட்டுங்கள். அந்த மெல்லிய கால்கள் மடிப்புக்கு அடங்கா, காம்புத் தையலில் போட்டுவிடலாம். அரக்குப் பட்டை முதலில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திச் சாயம் போகிறதா என்று பாருங்கள். இஸ்திரிப் பெட்டியும் வரட்டும், மடிப்பைப் படிய வைக்க மட்டும். அதுவும் மேலே ஒரு பருத்தித் துணியை விரித்துக்கொண்டு.